மேல் ஃப்ரீசர் உறைகிறது, கீழ்த்தட்டு குளிரவில்லை: செந்தூல் வீடொன்றின் ஐஸ் பெட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு. ஐந்து பேர் கொண்ட குடும்பம். சமையலறையில் இருப்பது 11 ஆண்டு பழைய, இரண்டு கதவு ஐஸ் பெட்டி: மேலே ஃப்ரீசர், கீழே சாதாரண அறை, ஏறத்தாழ 240 லிட்டர். பனி தானாகவே உருகும் வகை. பின்புறத் தகட்டில் குளிரூட்டும் வாயு ஆர்-134ஏ என்று எழுதியிருந்தது. குளிரைக் கூட்டிக் குறைக்கத் திருகு மட்டும்தான் உண்டு, எலக்ட்ரானிக் பலகை எதுவும் இல்லை.

இந்தப் பெட்டியை நம்பி வீட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. அந்த அம்மா தோசை மாவு அரைத்து, தினமும் இருபது பாக்கெட் போல அக்கம்பக்கத்துக்கு விற்கிறார். பாட்டிக்கு இன்சுலின் உண்டு. இதில் இரண்டாவதுதான் அவசரமானது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கோலாலம்பூரில் மதிய நேரத்தில் சமையலறைச் சூடு 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும்.

முதல் நாள்: பெட்டி ஓடவே இல்லை

காலையில் பெட்டியில் சத்தமே இல்லை. கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறது, கம்ப்ரஸர் ஓடவில்லை. முந்தின இரவு ஃப்ரீசர் பக்கமிருந்து லேசாகப் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்ததாக அந்த அம்மா பிறகு நினைவுகூர்ந்தார். அன்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

தெரிந்த மின்பணியாளர் ஒருவர் வந்தார். குளிர்விப்பதையும் பனி உருக்குவதையும் நேரம் பார்த்து மாற்றி மாற்றி இயக்கும் டைமர் இருக்கும் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. தட்டை ஸ்குரூடிரைவரால் அதன் நடுத் தண்டை வலப்பக்கமாக மெல்லத் திருப்பினார். "டக்" என்று ஒரு சத்தம், கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. "டைமர் வீக்கா இருக்குக்கா, மறுபடி நின்னா மாத்திடலாம்" என்று சொல்லி 40 ரிங்கிட் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் செய்தது தவறான செயல் அல்ல. எந்த மெக்கானிக்கும் முதலில் அதைத்தான் செய்வார். ஆனால் அந்த "டக்" ஒரு செய்தி சொன்னது: பெட்டி பனி உருக்கும் நிலையிலேயே மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஏன் மாட்டியது என்ற கேள்வி அன்றே எழுந்திருந்தால் அடுத்த ஐந்து வாரம் மிச்சமாகியிருக்கும்.

பதினாறாம் நாள்: "கேஸ் போயிருச்சு"

இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு கீழ் அறை மெல்ல மெல்லச் சூடேறியது. முதலில் காட்டிக்கொடுத்தது மாவுதான். இரவு மூடி வைத்த மாவு விடியற்காலையில் பொங்கி, ஐஸ்கிரீம் டப்பா மூடியைத் தூக்கிவிட்டு, கண்ணாடித் தட்டு வழியாகக் காய்கறிப் பெட்டிக்குள் வழிந்திருந்தது. மேலே ஃப்ரீசரில் ஐஸ் கட்டி கட்டியாகவே இருந்தது.

வேறொரு பழுது பார்ப்பவர் அழைக்கப்பட்டார். கீழ் அறைக்குள் கை வைத்துப் பார்த்தார், கம்ப்ரஸரைத் தொட்டுப் பார்த்தார், ஃப்ரீசரின் பின்பலகையைத் திறக்கவில்லை. "கேஸ் போயிருச்சு, 300 வெள்ளி ஆகும்" என்றார். முன்பணமாக 50 ரிங்கிட் பெற்றார். ரசீது தரவில்லை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் இதே தீர்ப்பு எத்தனையோ வீடுகளில் இதேபோலச் சொல்லப்படுகிறது. கேஸ் என்பது குளிரூட்டும் வாயு. அது ஓடும் குழாய் முழுவதும் பற்றவைத்து மூடப்பட்ட அமைப்பு. எங்கோ கசிந்தால் ஒழிய கேஸ் குறையாது. குறைந்துவிட்டால் மேலறை, கீழறை இரண்டுமே குளிரிழக்கும். ஃப்ரீசர் உறைகிறது, கீழ் அறை மட்டும் சூடாக இருக்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றோட்டம். இவ்வகைப் பெட்டியில் கீழ் அறைக்கென்று தனியாகக் குளிர்விப்பான் கிடையாது. ஃப்ரீசரின் பின்னால் இருக்கும் ஒரே எவாப்பரேட்டர் காயில் (குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) வழியே விசிறி காற்றை இழுத்து, ஒரு பங்கை மட்டும் கீழே தள்ளுகிறது. காயிலின் தகடுகளுக்கு இடையே பனி அடைத்தால் கீழே காற்று வராது. மேலே உள்ள பொருள் கொஞ்ச காலம் உறைந்தே இருக்கும்.

இன்னொன்று. பனி மூடிய காயிலோடு கேஜ் என்ற அழுத்தமானியை வைத்துப் பார்த்தாலும் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும், காயிலுக்கு வெப்பம் போய்ச் சேராததால். அதை நம்பி கேஸ் ஏற்றினால், பனி உருகிய பின் அமைப்பில் கேஸ் மிகுந்து, திரவம் கம்ப்ரஸருக்கே திரும்பி வரும். நன்றாக இருந்த கம்ப்ரஸர் அப்படித்தான் கெடுகிறது.

நல்லவேளையாக வீட்டு மகன் அவசரப்படவில்லை. 300 ரிங்கிட் கொடுக்கும் முன் முதல் ஆள் சொன்ன டைமரையாவது மாற்றிப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்.

பதினெட்டாம் நாள்: புதிய டைமர்

இணையக் கடையில் 38 ரிங்கிட்டுக்கு டைமர் வாங்கினார். உருவத்தில் பழையதைப் போலவே இருந்தது: நான்கு முனை, அதே இரு திருகு ஓட்டை. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வெளித் தோற்றமும் முனை எண்களும் ஒன்றாக இருந்தும் உள்ளிணைப்பு வேறாக உள்ள டைமர்கள் விற்பனையில் உண்டு. பொதுமுனை எது, மோட்டார் எந்த இரு முனைகளுக்கு இடையே என்று மல்டிமீட்டரால் பழையதையும் புதியதையும் அளந்து ஒப்பிட்ட பிறகே மாட்ட வேண்டும். மின்சாரத்தின் ஹெர்ட்ஸும் முக்கியம். மலேசியாவில் 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்த டைமர் இங்கே மெதுவாக ஓடும், 8 மணி நேரச் சுற்று 9 மணி 36 நிமிடமாக நீளும். இவர் வாங்கியது பொருத்தமானதாகவே அமைந்தது.

மாட்டுவதற்காகப் பெட்டியை ஓர் இரவு முழுக்க மின்சாரம் இன்றிக் கதவைத் திறந்து வைத்தார்கள். தரையெல்லாம் தண்ணீர். காலையில் புதிய டைமருடன் பெட்டி அருமையாகக் குளிர்ந்தது. எல்லாருக்கும் நிம்மதி. உண்மையில் பெட்டியைக் குளிர வைத்தது டைமர் அல்ல, அந்த ஓர் இரவில் உருகிப் போன பனி. முப்பத்து மூன்றாம் நாள் மாவு மறுபடி பொங்கியது.

இதற்கிடையே பாட்டியின் இன்சுலின் பக்கத்து வீட்டுப் பெட்டிக்குப் போனது. முந்தைய வாரம் எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று யாருக்கும் தெரியாததால், மருந்தகத்தில் கேட்டு, திறக்காமல் இருந்த பேனாக்களையும் ஒதுக்கிவிட்டார்கள். சரியான முடிவு. கெட்ட இன்சுலினைப் பார்த்து மட்டும் எப்போதும் கண்டுபிடித்துவிட முடியாது.

மூன்றாம் ஆள் வருமுன் கேட்டவை

மூன்றாவதாகத் தொடர்பு கொண்டவர் வருவதற்கு முன்பே மூன்று விஷயங்கள் கேட்டார்.

முதலாவது, பெட்டியின் பெயர்த்தகட்டின் படம். கீழ் அறையின் இடப்பக்கச் சுவரில் ஒட்டியிருந்தது பாதி அழிந்துவிட்டது, காய்கறிப் பெட்டியை உருவினால்தான் தெரிந்தது. பின்புறம் கம்ப்ரஸர் அருகே இன்னொன்று முழுதாக இருந்தது. மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை வேண்டும் என்றார். ஒரே பெயரில் வந்த பெட்டிகளுக்குள் உதிரிப்பாகம் மாறுவது பெரும்பாலும் அந்தக் கடைசி எழுத்தில்தான்.

இரண்டாவது, சூட்டளவு. நடுத்தட்டில் ஒரு குவளைத் தண்ணீருக்குள் சாதாரண டிஜிட்டல் வெப்பமானியைப் போட்டு, ஓர் இரவு விட்டு, கதவைத் திறந்ததும் பார்க்கச் சொன்னார். காட்டியது 14 டிகிரி. ஃப்ரீசரில் மைனஸ் 9.

மூன்றாவது, சத்தம். ஃப்ரீசரின் பின்புறத்தில் ஏதோ காகிதம் உரசுவது போல் கேட்கிறதா என்றார். கேட்டது. விசிறி இறக்கை பனியைத் தொட்டு உரசும் ஒலி அது.

திறந்து பார்த்தது

பிளக்கைச் சுவரிலிருந்து உருவிய பிறகே கை வைத்தார். பின்பலகையின் இரண்டு திருகுகளைக் கழற்றியும் பலகை அசையவில்லை, பனியில் ஒட்டியிருந்தது. இழுக்கவில்லை. வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை ஃப்ரீசருக்குள் வைத்து, எதிரே மேசை விசிறியை ஓட்டி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெந்நீரை மாற்றினார். பலகை தானாக விடும் வரை ஒன்றரை மணி நேரம் ஆனது. முன்பு டைமர் மாற்றியபோது மகன் கத்தி நுனியால் பனியைச் சுரண்டியிருந்தார். அலுமினியக் குழாயில் ஒரு கீறல் விழுந்திருந்தது, நல்லவேளை ஓட்டை இல்லை. ஓட்டை விழுந்திருந்தால் இல்லாத கேஸ் பிரச்சினை உண்மையாகவே வந்திருக்கும். புதிய பெட்டிகளில் உள்ள ஆர்-600ஏ தீப்பற்றும் வாயு. அங்கே கத்தி வைப்பதும் சூட்டுத் துப்பாக்கி பிடிப்பதும் இன்னும் ஆபத்து.

பலகை வந்ததும் முழுப் பனியையும் உருக்கிவிடாமல் முதலில் பார்த்தார். அந்த ஒரு பார்வை 300 ரிங்கிட் கேள்விக்கு விடை சொன்னது. காயிலின் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை பனி ஒரே சீராக, ஒரே தடிமனில் படிந்திருந்தது. கேஸ் குறைந்த பெட்டியில் நுழைவாயில் பக்கத்து இரண்டு மூன்று சுற்றுகளில் மட்டும் பனி இருக்கும், மற்றவை வெறும் அலுமினியமாகத் தெரியும். இங்கே கேஸ் சரியாக இருக்கிறது. கெட்டது பனி உருக்கும் வழி.

பனி முழுதும் உருகியபின் மல்டிமீட்டர்:

– ஹீட்டர் (காயிலின் பனியை உருக்குவது): 368 ஓம். தகட்டில் 145 வாட் என்றிருந்தது. 230 வோல்ட்டில் வர வேண்டியது ஏறத்தாழ 365 ஓம். ஹீட்டர் நல்லது.
– தெர்மல் ஃபியூஸ் (சூடு எல்லை மீறினால் எரிந்து ஹீட்டரை நிறுத்துவது): தொடர்பே இல்லை. எரிந்துவிட்டது.
– பைமெட்டல் (பனி உருகியதும் ஹீட்டரை அணைக்கும் சுவிட்ச்): 29 டிகிரியில் தொடர்பு காட்டியது. இதுதான் மூலக் குற்றவாளி.
– கழற்றி வைத்த பழைய டைமர்: மோட்டார் நல்லது, முனைகள் நல்லவை.

பைமெட்டலை அளப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். அது கடுங்குளிரில் மூடி, சூடேறினால் திறக்கும் சுவிட்ச். இவ்வகையில் மைனஸ் 7 டிகிரி வாக்கில் மூடி, பனி உருகி 10 டிகிரியைத் தாண்டும்போது திறக்கும். ஆக அறைச் சூட்டில் "தொடர்பு இல்லை" என்று காட்டினால் கெட்டது என்று பொருளல்ல, அதுதான் இயல்பு. அறைச் சூட்டில் தொடர்பு காட்டினால்தான் ஒட்டிக்கொண்டது என்று பொருள். கையில் எடுத்துப் பார்த்தபோது இதன் பிளாஸ்டிக் முகம் சற்று உப்பியிருந்தது, கம்பி நுழையுமிடத்தில் பழுப்புக் கறை. உள்ளே ஈரம் போயிருக்கிறது. ஹீட்டருக்கு நேர் மேலே பலகையின் வெள்ளை நுரையில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சளித்து, லேசாகச் சுருங்கிய இடம் ஒன்றும் இருந்தது. முதல் நாளின் கருகல் வாசனை அங்கிருந்துதான்.

என்ன நடந்திருக்கிறது

இந்தப் பெட்டியின் மின்சுற்றில், வேறு பல பெட்டிகளிலும் இப்படித்தான், டைமர் மோட்டாருக்குத் தனிப் பாதை இல்லை. ஹீட்டரையும் ஃபியூஸையும் கடந்துதான் அது மறுமுனையை அடைகிறது. பனி உருக்கும் நேரத்தில் பைமெட்டல் மூடியிருக்கும் வரை மோட்டார் நின்றுவிடும், ஹீட்டர் மட்டும் எரியும். பைமெட்டல் திறந்ததும் மோட்டார் மறுபடி நகர்ந்து, கம்ப்ரஸர் நிலைக்கு வந்து சேரும்.

பைமெட்டல் ஒட்டிக்கொண்டதால் அன்று ஹீட்டர் அணையவில்லை. கடைசிக் காவலான ஃபியூஸ் எரிந்து ஹீட்டரை நிறுத்தியது. டைமர் அதே நிலையில் உறைந்தது, அதனால்தான் முதல் நாள் கம்ப்ரஸர் ஓடவில்லை. தண்டைத் திருப்பியதும் கம்ப்ரஸர் ஓடியது, ஆனால் ஃபியூஸ் அறுந்திருப்பதால் டைமர் மோட்டார் அதற்குப்பின் அசையவே இல்லை. அதாவது பனி உருக்கும் முறை வரவே வராது. கோலாலம்பூர் ஈரக் காற்றில் இரண்டு வாரத்தில் காயில் அடைத்தது. புதிய டைமருக்கும் அதே கதி. அந்தச் சுற்றில் எந்த டைமரைப் போட்டாலும் ஓடாது.

உதிரிப்பாகம் தேடியது

ஃபியூஸை மட்டும் மாற்றுவது முதலிலேயே ஒதுக்கப்பட்டது. பைமெட்டல் ஒட்டியே இருக்கும், புது ஃபியூஸும் சில நாளில் எரியும். ஃபியூஸை நேரடிக் கம்பியால் இணைப்பது அதைவிட மோசம். அடுத்த முறை ஹீட்டரை நிறுத்த எதுவும் இருக்காது, உருகப் போவது பலகை. பைமெட்டலும் ஃபியூஸும் ஜோடியாகவே மாற வேண்டும்.

நிறுவனத்தின் சேவை மையத்தில் மாடல் எண்ணைச் சொன்னபோது அந்த மாடல் நிறுத்தப்பட்டது, பாகம் இல்லை என்றார்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பழுதுபார்ப்பும் உதிரிப்பாகமும் நியாயமான காலம் வரை கிடைக்கச் செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதும் விற்றவர் மீதும் வைக்கிறது. ஆனால் அது இத்தனை ஆண்டு என்று எண்ணிச் சொல்லவில்லை. 11 ஆண்டு பழைய பெட்டிக்கு அந்த வழியில் போராடுவதைவிட, "இந்த எண்ணுக்குப் பதிலாக வந்த புது எண் இருக்கிறதா" என்று கேட்பது பயனுள்ளது. கேட்டார்கள், எண் கிடைத்தது. கையிருப்பு இல்லை.

அந்த எண்ணோடும், கழற்றிய பழைய பாகங்களோடும் புடுவில் உள்ள ஜாலான் பாசாருக்குப் போனார்கள். முதல் கடையில் தந்த ஜோடி கண்ணுக்கு ஒன்றாகவே இருந்தது, ஆனால் பைமெட்டல் மேல் பொறித்த எண் வேறு. திறக்கும் சூடு குறைந்தால் பனி மிச்சமிருக்கும்போதே ஹீட்டர் அணைந்து, மிச்சப் பனி நாளுக்கு நாள் கூடும். அதிகமானால் ஒவ்வொரு முறையும் ஃப்ரீசர் தேவையின்றிச் சூடேறும். இரண்டாம் கடையில் எல்லாம் பொருந்தியது: ஃபியூஸில் பொறித்த 72 டிகிரி, பைமெட்டல் எண், குழாயைப் பிடிக்கும் கிளிப்பின் அகலம், இணைப்பானின் வடிவம், கம்பி நீளம். 25 ரிங்கிட். பழைய பாகம் கையில் இல்லாமல் படத்தை மட்டும் காட்டியிருந்தால் முதல் கடையிலேயே வாங்கியிருப்பார்கள்.

பொருத்தியதும் சோதித்ததும்

பொருத்துமுன் பைமெட்டலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, உப்புக் கலந்த ஐஸில் இருபது நிமிடம் வைத்தார். வெறும் ஐஸ் தண்ணீர் போதாது, அது 0 டிகிரிதான். மூடும் "டிக்" ஒலியும் மீட்டரில் தொடர்பும் வந்தன. வெளியே எடுத்துச் சூடேறியதும் திறந்தது.

பழையது இருந்த அதே குழாயில், அதே இடத்தில், உலோக முகம் குழாயோடு ஒட்டும்படி கிளிப் போட்டார். ஃபியூஸ் கம்பியை ஈயம் வைத்து ஒட்டவில்லை, அழுத்தி இணைத்தார். ஒட்டும் சூட்டிலேயே ஃபியூஸ் எரிந்துபோகும், புதுப் பாகம் கெட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் பலருக்கு நடப்பது இதுதான். இணைப்புகளுக்குப் பசையுள்ள சுருங்கு குழாய் மாட்டி, கம்பியைக் கீழ்நோக்கி வளைத்து விட்டார். வடியும் நீர் வளைவின் அடியில் சொட்டும், இணைப்புக்குள் போகாது. பழைய பைமெட்டலில் கம்பி நேராக மேலிருந்து இறங்கியிருந்தது.

வடிகால் துளையும் உறைந்திருந்தது. 60 மில்லி ஊசிக்குழாயால் வெதுவெதுப்பான நீரை நான்கு முறை செலுத்தியதும் பின்புறத் தட்டில் நீர் விழுந்தது. கூடவே கருத்துப்போன ஒரு கறிவேப்பிலை.

ஐந்து மணி நேரம் ஓடவிட்டு, டைமரைக் கையால் பனி உருக்கும் நிலைக்குத் திருப்பினார். கிளாம்ப் மீட்டரில் 0.6 ஆம்பியர்: ஹீட்டர் எரிகிறது. பதினேழாவது நிமிடம் மின்னோட்டம் நின்றது: பைமெட்டல் திறந்துவிட்டது. சில நிமிடத்தில் கம்ப்ரஸர் தானாகவே கிளம்பியது. யாரும் தொடாமல் அது கிளம்பியதுதான் பழுது தீர்ந்ததற்கான அடையாளம், பெட்டி குளிர்ந்தது அல்ல. அதற்கு முன் இரண்டு முறை குளிர்ந்துதான் ஏமாற்றியிருந்தது.

விளைவு

மறுநாள் குவளைத் தண்ணீரில் 4 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18. ஒரு மாதம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் அதே அளவு. இன்சுலின் திரும்பி வந்தது. இப்போது அதைக் கதவுத் தட்டிலும் வைப்பதில்லை, மேலிருந்து குளிர்காற்று விழும் துளைக்கு நேரேயும் வைப்பதில்லை. முன்னதில் சூடு ஏறி இறங்கும், பின்னதில் உறையக்கூடும், உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. நடுத்தட்டில், வெப்பமானியின் பக்கத்தில் மூடிய டப்பாவில் இருக்கிறது.

செலவு: முதல் ஆளுக்கு 40, திரும்பாத முன்பணம் 50, தேவைப்படாத டைமர் 38, சரியான பாகம் 25, மூன்றாம் ஆளின் கூலி 120. மொத்தம் 273 ரிங்கிட். இதில் பழுதைத் தீர்த்தது 145 மட்டுமே. வீணான மாவும் மருந்தும் கணக்கில் இல்லை.

முன்பணத்தைக் கேட்டுப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்று மகன் யோசித்தார். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே எடுக்கலாம். ஆனால் ரசீது இல்லை, வந்தவரின் கடைப் பெயர்கூட எழுத்தில் இல்லை. விட்டுவிட்டார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் நாள் டைமரைத் திருப்பியவுடனே பின்பலகையைத் திறந்து ஃபியூஸை அளந்திருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. பனி உருக்கும் நிலையில் மாட்டியிருந்த பெட்டிக்கு "டைமர் கெட்டது" என்று மட்டும் தீர்ப்பு எழுதக் கூடாது, அதன் மோட்டார் எந்த வழியாக மின்சாரம் பெறுகிறது என்று பின்புறம் ஒட்டியுள்ள சுற்றுப் படத்தில் பார்க்க வேண்டும். எல்லா மாடலும் இந்தப் பெட்டியைப் போல் இணைக்கப்பட்டவை அல்ல.

கேஸ் என்று சொல்பவரிடம் வீட்டார் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: "பின்பலகையைத் திறந்து பனி எப்படிப் படிஞ்சிருக்குன்னு காட்டுங்கண்ணே." காட்ட மறுப்பவருக்கு முன்பணம் தேவையில்லை. கொடுப்பதாக இருந்தால் மாடல் எண், சொன்ன பழுது, தொகை மூன்றும் எழுதிய ரசீதோடு.

கழற்றிய பழைய டைமரை அந்த அம்மா தூக்கிப் போடவில்லை. பெயர்த்தகட்டின் படம், பைமெட்டல் எண், மாற்றிய தேதி எழுதிய தாளோடு ஒரு மாவுப் பாக்கெட் உறையில் போட்டு, "நல்லா இருக்கு" என்று மேலே எழுதி, பெட்டியின் தலைமேல் வைத்திருக்கிறார்.